மோட்டார் போட்டால் வரும் பிழை

கயல்விழி ஒரு தனியார் பள்ளியில் கணினி ஆசிரியராக இருந்தவர். கொரோனா காலத்தில் பள்ளி மூடப்பட்டது. மறுபடி திறந்தபோது பாதி ஆசிரியர்களைத்தான் கூப்பிட்டார்கள். அதில் அவர் இல்லை. அதன் பிறகு தஞ்சாவூரில் உள்ள ஒரு தேர்வுப் பயிற்சி மையத்துக்கு வீட்டிலிருந்தபடியே மாதிரி வினாத்தாள் எழுதிக் கொடுத்துவந்தார். ஒரு கேள்விக்கு நான்கு விடைகள். அதில் ஒன்று சரியாக இருக்க வேண்டும், மற்ற மூன்றும் சரிபோலத் தோன்ற வேண்டும். தப்பான விடையை நம்பும்படி எழுதுவதுதான் கஷ்டம் என்று சொல்வார்.

ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். வீடு ஊரின் கடைசியில் இருந்தது. கொல்லைக்குப் பின்னால் வீரையனின் தென்னந்தோப்பும் அதையொட்டி அவருடைய வயலும். கணவர் செழியன் கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டுநர். இங்கே அறுப்பு முடிந்தால் ஆந்திரா, அங்கே முடிந்தால் கர்நாடகா என்று வருடத்தில் பாதி நாள் வெளியில் இருப்பார். மகள் திருச்சியில் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள். வீட்டில் பெரும்பாலும் கயல்விழியும் மாமியார் தங்கம்மாளும்தான்.

ஒரு நாள் மடிக்கணினி திறக்கவில்லை. ஒரத்தநாட்டில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் இனியவனிடம் கொண்டுபோனார். அவன் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு மூடினான்.

"இதுல இனிமே ஒண்ணும் இல்லக்கா. போர்டே போயிடுச்சு."

"வேற என்னதான் பண்றது? அடுத்த வாரம் வினாத்தாள் அனுப்பணும்."

அவன் மேசை டிராயரிலிருந்து பழைய கைப்பேசி ஒன்றை எடுத்தான். அதில் இருந்த பழைய மென்பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை ஏற்றியிருந்தான். பல நாடுகளில் இருக்கும் சிலர் ஓய்வு நேரத்தில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் மென்பொருள் அது. கையில் வைத்திருந்தால் கைப்பேசி. திரையிலும் விசைப்பலகையிலும் இணைத்தால் கணினி.

"நெசமாவே வேலை செய்யுமா?"

"செய்யும். அப்பப்ப முரண்டு பண்ணும். நீங்க டீச்சர், சமாளிச்சிடுவீங்க."

பழைய மானிட்டரும் விசைப்பலகையும், எல்லா வயர்களையும் சேர்த்துக் குத்துகிற சின்னப் பெட்டி ஒன்றும் அவனே கொடுத்தான். கயல்விழி கூடத்து மேசையில் எல்லாவற்றையும் மாட்டினார். பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, அதன் வயரைக் கைப்பேசியில் செருகியதும் மானிட்டரில் கணினித் திரை விரிந்தது. ஒரு பக்கம் பாடநூல், ஒரு பக்கம் வினாத்தாள் என்று இரண்டு சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு அன்றே வேலையைத் தொடங்கினார்.

இனியவன் சொன்னபடியே அது முரண்டு பண்ணியது. 'கொ' என்று அடித்துவிட்டு ஒரு முறை அழித்தால், கொம்பு மட்டும் தனியே நின்றது. அந்த மென்பொருளை எழுதுகிறவர்கள் பிழைகளைத் தெரிவிக்க இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். கயல்விழி முதலில் மற்றவர்கள் எழுதியிருந்ததை எல்லாம் படித்தார். எப்படி எழுதினால் பதில் வருகிறது, எப்படி எழுதினால் யாரும் சீண்டுவதில்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு தன்னுடையதை ஆங்கிலத்தில் எழுதினார். என்ன செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது. கோபமான வார்த்தை எதுவும் இல்லை. கொஞ்ச நாளில் அது சரிசெய்யப்பட்டு வந்தது.

அதை மாமியாரிடம் சொன்னார். தங்கம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு அவங்க ஒனக்குக் காசு குடுத்தாங்களா?"

"இல்ல அத்தை."

"நீ குடுத்தியா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு ரெண்டு பேரும் மெனக்கெடுறீங்க?"

"தப்பு இருக்குல்ல அத்தை" என்றார். தங்கம்மாள் கீரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

வைகாசியில் பெரிய பிழை வந்தது. வரலாற்று வினாக்களை அடித்துக்கொண்டிருந்தபோது திரை கறுத்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது திறந்து வைத்திருந்த சன்னல் ஒன்றுகூட இல்லை. சேமிக்காத வினாக்கள் போயிருந்தன. மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கு மறுநாள் நடக்கவில்லை. பிறகு ஒரே காலையில் இரண்டு முறை.

அவர் எழுதினார். மென்பொருளை எழுதுகிறவர்களில் ஒருவரான யோனாஸ் பதில் எழுதினார். குளிர்நாட்டில் எங்கோ இருப்பவர்; பகலில் வேறு வேலை, மாலையில் இது. வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள் என்றார். கயல்விழி செய்து பார்த்தார், சன்னல்கள் அப்படியே இருந்தன. யோனாஸும் தன் வீட்டில் அதையே செய்து பார்த்தார், அங்கும் ஒன்றும் ஆகவில்லை. வேறு வயர், வேறு பெட்டி என்று இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கைப்பேசி தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும் பதிவை யோனாஸ் அனுப்பச் சொன்னார். அனுப்பினார். பிழை வந்த நேரத்துப் பகுதி அதில் முழுசாக இல்லை.

ஆனி மாதம் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்தது. அதோடு பிழையும் நின்றது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று கயல்விழி நினைக்கவில்லை. நினைக்கக் காரணமும் இல்லை. இன்னும் வருகிறதா என்று யோனாஸ் கேட்டபோது, இப்போது வருவதில்லை என்று உள்ளதை எழுதினார். மீண்டும் நிகழ்த்த முடியவில்லை என்று குறித்து அவர் அந்தப் பிழையை மூடினார். அதில் கயல்விழிக்கு வருத்தம்தான். ஆனால் அவர் இடத்தில் இருந்தால் தானும் அதையே செய்திருக்கக்கூடும் என்று தோன்றியது.

ஆவணியில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஒரு வாரம் மேல்பகுதிக்கு, ஒரு வாரம் கீழ்ப்பகுதிக்கு. இவர்கள் பக்கம் வாய்க்கால் காய்ந்த வாரத்தில், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தபோது திரை கறுத்தது. சன்னல்கள் போயின.

தங்கம்மாள் அப்போதுதான் கொல்லை வேலையை முடித்துவிட்டு வந்து ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தார்.

"கருமம், போட்டுட்டான்யா" என்றார் தங்கம்மாள், ஃபேனைப் பார்த்து.

"யாரு அத்தை? எதை?"

"வீரையன் மோட்டாரைத்தான். அவன் மோட்டார் போட்டா நம்ம வூட்டு ஃபேன் மெதுவாத்தானே சுத்தும். ஒனக்குத் தெரியாதா?"

கயல்விழிக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். வீடுகளுக்கும் வயல் மோட்டார்களுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். மோட்டார் கிளம்பும் நொடியில் மின்சாரம் தாழும், விளக்கு மங்கும், பிறகு தேறும். தெரிந்த அந்த விஷயத்தை மேசைமேல் இருந்த கைப்பேசியோடு அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தார். தோப்புக்கு அப்பால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

அன்றைக்கே யோனாஸுக்கு எழுதினார். கால்வாயில் தண்ணீர் வந்தால் பிழை வருவதில்லை. தண்ணீர் நின்றால் பக்கத்து வயல்காரர் மோட்டார் போடுகிறார், அப்போது வருகிறது. இப்படி எழுதினால் சிரிப்பார்களோ என்று இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

யோனாஸ் சிரிக்கவில்லை. மூடிய பிழையைத் திறந்தார். எல்லாவற்றையும் விலாவாரியாகப் பதிவுசெய்யும் தனி மென்பொருள் ஒன்றை அனுப்பி, மோட்டார் கிளம்பும் நேரத்தில் இதை ஓடவிட முடியுமா என்று கேட்டார். அது கொஞ்ச நேரத்துக்கு மேல் ஓடினால் கைப்பேசியில் இடம் நிறைந்துவிடும். அதனால் மோட்டார் எப்போது கிளம்பும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.

அதற்கு வீரையனிடம் கேட்க வேண்டும். அதில்தான் சிக்கல்.

கஜா புயலில் வீரையன் தோப்புத் தென்னை ஒன்று இவர்கள் மாட்டுக்கொட்டகைமேல் விழுந்தது. மாடு தப்பித்தது, கொட்டகை போனது. ஊரில் எல்லோருக்கும் ஏதாவது போயிருந்த நேரம். வீரையன் ஆள் வைத்து மரத்தை அறுத்து எடுத்துக்கொண்டு போனார். கொட்டகையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. செழியன் அதைக் கேட்கப் போய், வார்த்தை தடித்து, அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

செழியன் அப்போது கர்நாடகாவில் இருந்தார். சாயங்காலம் போனில் பேசும்போது கயல்விழி விஷயத்தைச் சொன்னார்.

"ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டா போச்சு" என்றார் செழியன். "அந்த ஆளு வூட்டுக்கு எதுக்குப் போற?"

"ஸ்டெபிலைசர் போட்டா எனக்குச் சரியாயிடுங்க. பிழை அங்கயேதானே இருக்கும்?"

"இருந்துட்டுப் போவட்டும் கயலு. நமக்கென்ன?"

மறுமுனையில் யாரோ டீசல் வந்துவிட்டதென்று கூப்பிடுவது கேட்டது.

"போவாதன்னு சொல்லல. பாத்துப் பேசு" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை கயல்விழி போனார். வீரையன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் துணியை உதறித் தோளில் போட்டார். அவர் பேரன் இவரிடம் படித்தவன்.

"வாங்க டீச்சர்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உக்காருங்க" என்றார்.

"இருக்கட்டுங்க. ஒரு விஷயம் கேக்கணும். நீங்க மோட்டாரை எத்தனை மணிக்குப் போடுவீங்க?"

வீரையனின் முகம் மாறியது. "யாராச்சும் என்மேல ஈபி ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க. நான் போன்லதான் கம்ப்யூட்டர் வேலை செய்யுறேன். நீங்க மோட்டார் போடுறப்ப வோல்டேஜ் எறங்கி, அடிச்சு வச்சதெல்லாம் போயிடுது."

"நான் மோட்டார் போட்டா உங்க கம்ப்யூட்டர் கெடுது. அதானே சொல்ல வர்றீங்க?"

"கெடலைங்க. அதுக்குள்ள ஒரு தப்பு இருக்கு. உங்க மோட்டார் ஓடுனாத்தான் அந்தத் தப்பு வெளியில தெரியுது."

"அப்ப நான் மோட்டார் போடக் கூடாது."

"போடணுங்க. நான் சொல்றப்ப போடணும்."

வீரையன் அவரை நிமிர்ந்து பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி மங்களாம்பிகை காப்பியோடு வந்து, "எங்க வூட்டு மிக்ஸிகூட அந்த நேரத்துலதான் நின்னு நின்னு ஓடுது டீச்சர், அதையும் சேத்து எழுதுங்க" என்றார். கயல்விழி காப்பியை வாங்கிக் குடித்தார். வீரையன் தன் கைப்பேசி எண்ணைச் சொன்னார். கொட்டகைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் வந்ததும் வீரையன் மோட்டார் கொட்டகையிலிருந்து கூப்பிட்டார். கயல்விழி பதிவு மென்பொருளை ஓடவிட்டு, இரண்டு சன்னல்களைத் திறந்து, தேவையில்லாத வரிகள் சிலவற்றை அடித்து வைத்திருந்தார்.

"போடவா டீச்சர்?"

"போடுங்க."

விளக்கு மங்கியது. திரை கறுத்து, மறுபடி வந்தது.

"போச்சா?"

"போச்சுங்க. எல்லாம் போச்சு." கயல்விழியின் குரலில் சந்தோஷம் இருந்தது. அதைக் கேட்ட வீரையனுக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும், "இன்னொரு தடவ போடவா?" என்று கேட்டார்.

"போட முடியுமாங்க?"

"சும்மா சும்மா போட்டா மோட்டார் காயில் எரிஞ்சிடும். ஒரு பத்து நிமிசம் பொறுங்க."

அந்தக் காலையில் அவர் மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போட்டார். ஒரு முறை சன்னல்கள் தப்பின. மற்ற முறையெல்லாம் போயின. தப்பிய முறை எது என்பதையும் கயல்விழி குறித்து அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து யோனாஸின் பதில் வந்தது. கையால் வயரைப் பிடுங்கினால் இணைப்பு ஒரு முறைதான் அறுகிறது. இங்கே மின்சாரம் தாழும்போது, வயர் பெட்டி ஒரே நொடிக்குள் விட்டுவிட்டுப் பலமுறை செத்துப் பிழைக்கிறது. முதல் தடவை திரை போனதும் சன்னல்களைக் கைப்பேசிக்கு மாற்றத் தொடங்கும் மென்பொருள், அதை முடிப்பதற்குள் திரை வந்து, மறுபடி போய்விடுவதால், இல்லாத ஒரு திரைக்கு அவற்றைத் தள்ளிவிடுகிறது. இதைத் தன் வீட்டிலிருந்து ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று எழுதியிருந்தார். கடைசியில் அந்த மோட்டார் எவ்வளவு பெரியது என்று கேட்டிருந்தார். கயல்விழி வீரையனைக் கேட்டு, ஏழரை எச்.பி. என்று எழுதினார்.

திருத்தம் எழுதி முடிக்க யோனாஸுக்கு நாளாயிற்று. நடுவில் ஒரு முறை ஒரு திருத்தத்தை அனுப்பினார். அதைப் போட்டதும் கைப்பேசியே தொடங்க மறுத்து, கயல்விழி இனியவன் கடைக்கு ஓட வேண்டியிருந்தது. சரியான திருத்தம் ஐப்பசியில் வந்தது. அப்போது மழை பிடித்துக்கொண்டது. கால்வாய் நிரம்பி ஓடியது. சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர். மழை விட்ட நேரங்களில் எல்லோரும் மண்வெட்டியோடு தண்ணீரை வடிய விடத்தான் அலைந்தார்கள். மோட்டார் போடுகிற ஆள் சுற்று வட்டாரத்தில் கிடையாது.

அவசரமில்லை, முடிந்தபோது சோதித்துச் சொல்லுங்கள் என்று யோனாஸ் எழுதியிருந்தார். மாசி, பங்குனி வரை காத்திருக்கலாம். கயல்விழி ஒரு வாரம் காத்திருந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வீரையன் வீட்டுக்குப் போனார்.

வீரையன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வயல்ல முழங்கால் தண்ணி நிக்குது. இதுல மோட்டார் போடச் சொல்றீங்க."

"தெரியுதுங்க. ஒரே ஒரு தடவ. சரியாயிடுச்சான்னு பாக்கணும்."

"கோடையில பாத்துக்கக் கூடாதா?"

"பாக்கலாங்க. அதுவரைக்கும் சரி பண்ணுனவரு முடிக்காம வச்சிருக்கணும்."

வீரையன் வாசலில் விழும் மழையைப் பார்த்தபடி யோசித்தார். "தண்ணிய எங்க விடுறதுன்னுதான் பாக்குறேன்" என்றார். "சரி, குழாயை வடிகால் பக்கம் திருப்பிக்கிறேன். மழை விடட்டும்."

மறுநாள் காலையில் மழை தூறலாகக் குறைந்தது. வீரையன் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போய், போர் குழாயின் வாயை வடிகாலுக்குத் திருப்பிக் கட்டினார். சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஐயாவு நின்றுவிட்டார். ஐயாவு அந்தப் பக்கத்து வாய்க்கால்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர்.

"என்னண்ணே, மழையில மோட்டாரு?"

"டீச்சர் போடச் சொன்னாங்க."

"எதுக்கு?"

"அவங்க போன்ல ஒரு தப்பு இருக்கு. அது போயிடுச்சான்னு பாக்கறாங்க."

ஐயாவு போகவில்லை; சைக்கிளைப் பனைமரத்தில் சாய்த்துவிட்டு நின்றார். வீரையன் கைப்பேசியை நனையாமல் சாக்குக்குள் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"போடவா டீச்சர்?"

"போடுங்க."

கூடத்தில் விளக்கு மங்கியது. ஃபேன் தளர்ந்தது. திரை ஒரு முறை கறுத்தது. திரை வந்தது. இரண்டு சன்னல்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. பாதியில் நின்ற வினா பாதியிலேயே நின்றது.

"போச்சா?"

"போகலைங்க."

"போகலையா?" என்றார் வீரையன். "நல்லதா, கெட்டதா?"

"நல்லதுங்க. ரொம்ப நல்லது."

"இருங்க, இன்னொரு தடவ போட்டுப் பாத்துடுவோம். வந்ததுதான் வந்தேன்."

பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறையும், அதன் பிறகு, இவர் கேட்காமலே, மூன்றாவது முறையும் போட்டார். மூன்று முறையும் போகவில்லை. வடிகாலில் நல்ல தண்ணீர் வீணாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஐயாவு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பொங்கலுக்கு முன்னால் புதிய பதிப்பு வந்தது. அதோடு வெளியிட்ட குறிப்பில் இந்தத் திருத்தத்தைப் பற்றி ஒரு வரி இருந்தது. கயல்விழிக்கும் மோட்டார் போட்ட பக்கத்து வயல்காரருக்கும் நன்றி என்று எழுதியிருந்தார்கள். செழியன் அப்போது ஊருக்கு வந்திருந்தார். கயல்விழி அதைத் தமிழில் படித்துக் காட்டினார். அவர் கேட்டுவிட்டு, "இத அந்த ஆளுகிட்ட காட்டிட்டியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும், "காட்டிட்டு வா" என்றார். தான் கூட வரவில்லை.

வீரையன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"எம் பேரு எங்க இருக்கு?"

"பேரு போடலைங்க. பக்கத்து வயல்காரர்னு போட்டிருக்காங்க."

"அது நாந்தானே" என்றார் வீரையன். மங்களாம்பிகையைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினார். இருவருக்கும் ஆங்கிலம் படிக்க வராது. கயல்விழி விரலை வைத்த இடத்தை இருவரும் பார்த்தார்கள்.

பயிற்சி மையம் மாசியில் கயல்விழிக்கு ஒரு மடிக்கணினி கொடுத்தது. அதை மகளுக்குத் திருச்சிக்கு அனுப்பிவிட்டு அவர் கைப்பேசியிலேயே வேலையைத் தொடர்ந்தார். பிழைகள் வந்துகொண்டிருந்தன, அவரும் எழுதிக்கொண்டிருந்தார்.

சித்திரையில் ஒரு நாள் அந்த மூடிய பிழையின் அடியில், முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். ஏதோ மலைநாட்டுக் கிராமத்தின் பெயரைச் சொல்லி, தங்கள் வீட்டிலும் இப்படித்தான் சன்னல்கள் மறைந்துகொண்டிருந்தன என்றும், கைப்பேசியே கெட்டுவிட்டது என்று நினைத்து விற்கப் போனதாகவும், புதிய பதிப்பில் சரியாகிவிட்டது என்றும் எழுதியிருந்தார். கயல்விழி வினாத்தாளை ஓரம் தள்ளிவிட்டு அவருக்குப் பதில் எழுதினார். உங்கள் ஊரில் எது ஓடும்போது விளக்கு மங்கும் என்று கேட்டிருந்தார்.

சாயங்காலம் பதில் வந்தது. மாவு மில்.